ஊருக்கெல்லாம் ஒரே சார்ஜர்!



உங்கள் வீட்டு மேஜை டிராயரை இழுத்துப் பாருங்கள். மூலையில் பழைய செல்போன் சார்ஜர்கள் சுருண்டு கிடக்கும். ஒன்றில் குண்டு பின், இன்னொன்றில் ஒல்லி பின், வேறொன்றில் பட்டையான பின். செல்போன் எப்போதோ கெட்டுப் போயிருக்கும். சார்ஜர் மட்டும் மிச்சம். "எதற்காவது உதவும்" என்று அம்மா எடுத்து வைத்திருப்பார். ஆனால், பெரும்பாலும் உதவாது. புதிய போனில் சார்ஜ் ஏற்றும் துளைக்குள் அந்தப் பின் நுழைந்தால்தானே!

இந்தச் சின்னத் தொல்லைக்காக ஐரோப்பாவில் 27 நாடுகள் சேர்ந்து ஒரு சட்டமே போட்டிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'பொது சார்ஜர்' சட்டம்தான் அது. 2024 டிசம்பர் 28 முதல் செல்போன்களுக்கு. 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கு என்று நாள் குறித்து, எல்லாவற்றுக்கும் ஒரே வகைத் துளைதான் இருக்க வேண்டும் என்கிறது.

"ஒரு சார்ஜருக்குப் போய் சட்டமா?" என்று சிரிக்காதீர்கள். இதற்குள் நம் வீட்டுப் பணம் இருக்கிறது, ஊர்க் குப்பை இருக்கிறது, "எது நல்லது என்பதை யார் முடிவு செய்வது?" என்ற பெரிய கேள்வியும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

பொருந்தாத குழாய்

முதலில் பழைய கதை ஒன்று. சார்ஜருக்கும் இதற்கும் என்ன உறவு என்பது கதையின் முடிவில் தெரிந்துவிடும்.

1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கடைத்தெருவில் தீப்பிடித்தது. காற்று வேறு பலமாக வீச, தீ கட்டடம் விட்டுக் கட்டடம் தாவியது. உள்ளூர் வீரர்களால் சமாளிக்க முடியவில்லை. அக்கம்பக்கத்து நகரங்களுக்குத் தந்தி பறந்தது. வாஷிங்டனில் இருந்து தீயணைப்பு வண்டிகள் ரயிலில் ஏற்றப்பட்டு விரைந்து வந்தன.

வீரர்கள் இருந்தார்கள். தெருக் குழாயில் தண்ணீர் இருந்தது. கையில் நீளமான குழாய்களும் இருந்தன. ஆனால், வாஷிங்டன் குழாயின் முனை பால்டிமோர் தெருக் குழாயின் திருகில் பொருந்தவில்லை! ஒவ்வோர் ஊரும் தனக்குப் பிடித்த அளவில் திருகு செய்து வைத்திருந்ததுதான் காரணம். துணியைச் சுற்றி இறுக்கிப் பார்த்தாலும் தண்ணீர் பாதி வழியிலேயே ஒழுகத்தானே செய்யும்? தீ 30 மணி நேரம் எரிந்தது. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின.

அதன் பிறகுதான் அமெரிக்கா விழித்துக்கொண்டது. மறு ஆண்டே, தீயணைப்புக் குழாய்களுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான திருகு அளவு வகுக்கப்பட்டது. இப்படிப் பலரும் ஏற்றுக்கொள்ளும் பொது அளவைத்தான் 'தர அளவு' என்கிறோம். நீங்கள் வாங்கும் பல்பு வீட்டு ஹோல்டரில் பொருந்துவதும், எந்தக் கடையில் வாங்கிய ஏ-4 தாளும் பிரிண்டரில் நுழைவதும் இந்தத் தர அளவால்தான்.

சார்ஜர் பொருந்தாவிட்டால் ஊர் பற்றி எரியாது. ஆனால், காரணம் அதேதான்: ஆளாளுக்கு ஓர் அளவு!

30 வகை பின்கள்!

2009ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் விற்ற செல்போன்களுக்கு 30 வகை சார்ஜர்கள் இருந்தன. அடேயப்பா! ஒரு கம்பெனியின் சார்ஜர் இன்னொரு கம்பெனி போனுக்குச் சேராது. சில சமயம் ஒரே கம்பெனியின் இரண்டு போன்களுக்கே சேராது. நோக்கியா போன்களில் 'பெரிய பின்', 'சின்ன பின்' என்று இரண்டு இருந்ததை உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்தன? இரண்டு காரணங்கள் உண்டு. போன் மெலிதாக மெலிதாக, பின்னையும் சிறிதாக்க வேண்டியிருந்தது. இது நியாயமான காரணம். இன்னொன்று, தனி வகைப் பின் இருந்தால், சார்ஜர் தொலைந்தாலும் நீங்கள் அந்தக் கம்பெனியைத்தான் தேடிப் போக வேண்டும். இது வியாபாரக் காரணம்.

ஐரோப்பிய ஆணையம் 2009இல் கம்பெனிகளை அழைத்துப் பேசியது. "நீங்களாகவே ஒரு பின்னுக்கு ஒத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டது. நோக்கியா, சாம்சங், ஆப்பிள் உள்ளிட்ட முன்னணி நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 'மைக்ரோ யு.எஸ்.பி.' என்ற சிறிய பின் பொதுவானது.

ஆனால், ஒப்பந்தத்தில் ஒரு சந்து இருந்தது. வேறு வகைத் துளை வைத்துக்கொண்டு, அதை மைக்ரோ யு.எஸ்.பி.யோடு இணைக்கும் 'அடாப்டர்' கொடுத்தாலும் போதும். ஆப்பிள் அந்த வழியில் போனது. 2012இல் ஐபோன் 5 வந்தபோது, 'லைட்னிங்' என்ற தன் சொந்தப் பின்னைக் கொண்டு வந்தது. மற்ற நிறுவனங்கள் லைட்னிங் பொருள்கள் செய்து விற்க விரும்பினால் ஆப்பிளிடம் உரிமம் பெற வேண்டும்.

ஆக, 30 வகை என்பது மெல்ல மெல்ல 3 வகையாகக் குறைந்தது. ஒன்றாக மட்டும் ஆகவே இல்லை!

இருபக்கமும் பொருந்தும் பின்

அந்த மூன்றில் ஒன்றுதான் இப்போது வெற்றி பெற்றிருக்கும் 'யு.எஸ்.பி. டைப்-சி'. அதன் கதையில் ஓர் இந்தியரும் இருக்கிறார்.

1990களில் கணினியின் பின்பக்கம் விதவிதமான துளைகள் இருக்கும். கீ-போர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே துளை போதாதா என்று யோசித்தவர்களில் முக்கியமானவர் அஜய் பட். குஜராத்தின் வதோதராவில் படித்தவர். அமெரிக்காவில் இன்டெல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உழைத்து, 1996இல் முதல் யு.எஸ்.பி. வெளிவந்தது.

பென் டிரைவைச் செருகிய அனுபவம் உங்களுக்கு உண்டா? முதலில் நுழையாது. திருப்பினால் நுழையாது. மறுபடியும் திருப்பினால் நுழைந்துவிடும்! இருபக்கமும் பொருந்தும்படி அப்போதே செய்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அப்படிச் செய்தால் கம்பிகளும் செலவும் இரண்டு மடங்காகும். விலை கூடினால் யாரும் வாங்க மாட்டார்கள் என்றுதான் விட்டுவிட்டார்களாம்.

அந்தக் குறையை 2014இல் வெளியான டைப்-சி தீர்த்தது. இதன் நுனியில் மேல் வரிசையில் 12, கீழ் வரிசையில் 12 என 24 இணைப்புகள் உண்டு. அதனால், எப்படிச் செருகினாலும் சரிதான். மின்சாரம் போகும், படம், பாட்டு, தகவல் எல்லாமும் போகும். இன்னொரு செய்தி: இதை உருவாக்கிய பொறியாளர்களில் ஆப்பிள் நிறுவனத்தினரும் உண்டு. 2015லேயே தன் மடிக்கணினியில் டைப்-சி வைத்தது ஆப்பிள். ஐபோனில் மட்டும்தான் மாற மாட்டேன் என்றது!

சட்டம் என்ன சொல்கிறது?

பல ஆண்டுகள் கேட்டுப் பார்த்த ஐரோப்பிய ஆணையம், 2021 செப்டம்பரில் சட்ட முன்வடிவைக் கொண்டு வந்தது. 2022 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவாக 602 பேர். எதிராக 13 பேர். நடுநிலை வகித்தவர்கள் 8 பேர். சட்டத்தின் முக்கிய விதிகள் இவைதாம்:

1. கேபிளில் சார்ஜ் ஏற்றும் செல்போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன், கையடக்க விளையாட்டுக் கருவி, கீ-போர்டு, மவுஸ் போன்றவற்றில் டைப்-சி துளை இருக்க வேண்டும்.

2. வேகமாகச் சார்ஜ் ஏறும் போன்கள், கம்பெனிக்குச் சொந்தமான முறையோடு, எல்லோருக்கும் பொதுவான வேக முறையையும் ஏற்க வேண்டும்.

3. "சார்ஜர் இல்லாமல் போன் மட்டும் போதும்" என்று கேட்டு வாங்கும் வசதி, வாங்குபவருக்கு இருக்க வேண்டும்.

4. பெட்டியில் சார்ஜர் உள்ளதா, எவ்வளவு வாட் தேவை என்பதைப் படக்குறியாகப் பெட்டி மேல் அச்சிட வேண்டும்.

பழைய போன்களைத் தூக்கி எறியத் தேவையில்லை. அந்த நாளுக்குப் பிறகு விற்பனைக்கு வரும் புதியவற்றுக்குத்தான் இந்த விதி. நாள் வரும் வரை ஆப்பிளும் காத்திருக்கவில்லை. 2023 செப்டம்பரில் வெளியான ஐபோன் 15 டைப்-சி துளையோடு வந்தது. நம் ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள தொழிற்சாலையிலும் அந்தப் போன் தயாரானது. எங்கோ ஐரோப்பாவில் கை தூக்கி ஓட்டுப் போட்டால், நம் ஊர்த் தொழிற்சாலையில் செய்யும் போனின் துளை மாறுகிறது, பார்த்தீர்களா! இந்தியாவுக்கு ஒரு துளை, ஐரோப்பாவுக்கு ஒரு துளை என்று தனித்தனியாகச் செய்வது கம்பெனிக்குத்தான் கூடுதல் செலவு.

எதிர்த்தவர்கள் கட்சி

எந்தச் செய்தியிலும் இரு பக்கமும் கேட்க வேண்டும். ஆப்பிள் என்ன சொன்னது? "ஒரே வகைதான் என்று சட்டம் போட்டால் புதுக் கண்டுபிடிப்பு நின்றுவிடும். கோடிக்கணக்கான லைட்னிங் கேபிள்களும் குப்பைக்குப் போகும்" என்பது அதன் வாதம்.

இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. நன்றாக யோசியுங்கள். 2009லேயே "மைக்ரோ யு.எஸ்.பி. தவிர வேறு எதுவும் கூடாது" என்று யாரும் அசைக்க முடியாத சட்டம் வந்திருந்தால், டைப்-சி பிறந்திருக்குமா? பிறந்தாலும் போனுக்குள் நுழைந்திருக்குமா? சந்தேகம்தான்.

அதனால்தான் சட்டத்தில் ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. தொழில்நுட்பம் வளர்ந்து, டைப்-சியைவிட நல்லது வந்தால், ஆணையம் விதியைத் திருத்தலாம். கேபிளே இல்லாமல் சார்ஜ் ஏறும் போன் வந்தால், அதற்குத் துளை வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால், "புதியது வந்தால் எல்லோருக்கும் வரட்டும், ஒருவருக்கு மட்டும் வேண்டாம்" என்பதுதான் சட்டத்தின் எண்ணம்.

வகுப்பில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவு ஸ்கேல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? என் 10 சென்டிமீட்டர் உன் 8 சென்டிமீட்டராக இருக்கும்! பொது அளவு வேண்டுமானால், ஒவ்வொருவரும் தன் தனி அளவைக் கொஞ்சம் விட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். விட்டுக் கொடுக்கும்படி அன்பாகக் கேட்டார்கள். 30 வகை 3 ஆனது. சட்டம் போட்ட பிறகுதான் 3 ஒன்றாகிறது. இரண்டு வழிக்கும் பலன் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

குப்பைக் கணக்கு

ஐரோப்பாவில் எறியப்படும், பயன்படாமல் கிடக்கும் சார்ஜர்களால் சேரும் குப்பை ஆண்டுக்கு 11,000 டன் என்று ஆணையம் கணக்கிட்டது. மக்கள் தேவையில்லாமல் சார்ஜர் வாங்குவது குறைந்தால், ஆண்டுக்கு 25 கோடி யூரோ வரை மிச்சமாகும் என்றும் சொன்னது.

ஆனால், இந்தச் சட்டத்தால் 11,000 டன்னும் மறைந்துவிடாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 டன் மின்கழிவு குறையும் என்பதே ஆணையத்தின் கணிப்பு. உலகம் முழுவதும் 2022இல் சேர்ந்த மின்கழிவு எவ்வளவு தெரியுமா? 6.2 கோடி டன்! அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது, 100 கிலோவுக்குச் சுமார் 22 கிலோதான் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. ஆகவே சார்ஜர் சட்டம் நல்ல தொடக்கம். அது மட்டுமே முழுத் தீர்வு ஆகாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. "குப்பையைக் குறைக்கிறோம்" என்று சொல்லி 2020இல் ஐபோன் பெட்டியில் இருந்து சார்ஜரை எடுத்துவிட்டது ஆப்பிள். பிறகு சாம்சங்கும் தன் விலை உயர்ந்த போன்களில் அப்படியே செய்தது. வீட்டில் சார்ஜர் இருப்பவருக்குச் சரி. இல்லாதவர்? தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சார்ஜர் இல்லாமல் ஐபோன் விற்கக் கூடாது என்று பிரேசில் அரசு 2022இல் தடையே போட்டது! குப்பை குறைய வேண்டும். அந்தச் சாக்கில் வாங்குபவர் தலையில் செலவும் ஏறக்கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம்.

பின் ஒன்று, வேகம் வேறு!

"எல்லாம் டைப்-சி ஆகிவிட்டது. இனி எந்தச் சார்ஜரைப் போட்டாலும் ஒரே வேகத்தில் ஏறும்" என்று நினைக்காதீர்கள். வடிவம் ஒன்றுதான், சக்தி ஒன்றல்ல.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு வேகமாகத் தண்ணீர் தள்ளும். அந்தத் தள்ளும் விசை போன்றது வோல்ட். குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது போன்றது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட்.

5 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் 5 வாட்.
5 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 15 வாட்.
20 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 100 வாட்.

மூன்றுக்கும் டைப்-சி பின்தான்! 5 வாட் சார்ஜரில் மடிக்கணினியைச் செருகினால், அது ஏறுவதே கடினம்.

"100 வாட் சார்ஜரில் செல்போனைப் போட்டால் வெடித்துவிடாதா?" என்று கேட்பீர்கள். முறையாகத் தயாரித்த சார்ஜர் என்றால் பயம் இல்லை. பொது வேக முறையில், சார்ஜரும் போனும் முதலில் பேசிக்கொள்ளும். சார்ஜர் முதலில் 5 வோல்ட் மட்டும் தரும். "என்னால் இன்னின்ன அளவுகள் தர முடியும்" என்று சொல்லும். போன் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பந்தியில் பரிமாறுபவர் வாளி நிறையச் சாம்பார் கொண்டு வந்தாலும், நாம் "போதும்" என்றால் நிறுத்திவிடுவார் அல்லவா? அதுபோலத்தான். தரமில்லாத போலிச் சார்ஜரில் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நம் நாட்டில் எப்படி?

இந்தியாவிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கிறது. 2022 நவம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நடத்திய கூட்டத்தில், ஸ்மார்ட்போன், டேப்லெட், மடிக்கணினி ஆகியவற்றுக்கு டைப்-சி என்ற கருத்துக்குப் பரவலான ஒப்புதல் கிடைத்தது. 2023 ஜனவரியில் இந்திய தர நிர்ணய அமைவனம் டைப்-சிக்கான தர அளவை வெளியிட்டது.

அந்தக் கூட்டத்தில் பேசப்பட்ட ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. விலை குறைந்த பட்டன் போன்களுக்கு வேறு ஒரு பொதுப் பின் வைக்கலாமா என்றும் பேசினார்கள். ஏன்? டைப்-சி வைத்தால் போனின் விலை சற்றுக் கூடலாம். கூலி வேலை செய்பவருக்கும், கிராமத்துப் பாட்டிக்கும் அந்தச் சில ரூபாய்களும் பெரியவை. பணக்கார நாட்டுக்குப் பொருந்தும் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நம் மக்களின் பையையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* புது சார்ஜர் கேட்டு அடம்பிடிக்கும் முன், வீட்டில் இருப்பது பொருந்துகிறதா என்று பாருங்கள்.

* சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் வோல்ட், ஆம்பியர் அச்சிட்டிருக்கும். படித்து, பெருக்கி, வாட் கண்டுபிடியுங்கள்.

* வாங்கும்போது, இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளதா என்று பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

* தோல் உரிந்து கம்பி தெரியும் கேபிளை இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டாதீர்கள். மாற்றிவிடுங்கள்.

* பழைய சார்ஜரை உடைக்கவோ, எரிக்கவோ, குப்பைத் தொட்டியில் போடவோ வேண்டாம். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டுப் பாடம்!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். வீட்டில் உள்ள சார்ஜர்களில் இப்போது பயன்படுபவை ஒரு பக்கம். பயன்படாதவை மறு பக்கம். எண்ணிக்கையை எழுதி, உங்கள் வகுப்பில் எல்லோருடைய கணக்கையும் கூட்டிப் பாருங்கள். பிறகு, வகுப்பை இரு அணியாகப் பிரித்து விவாதம் நடத்துங்கள். தலைப்பு: "எல்லோருக்கும் ஒரே அளவு என்பதைக் கம்பெனிகள் முடிவு செய்ய வேண்டுமா, அரசு முடிவு செய்ய வேண்டுமா?"

எந்த அணி வென்றாலும் எனக்கு மகிழ்ச்சிதான். ஒன்று மட்டும் நிபந்தனை: எதிரணி சொல்வதை முழுவதும் கேட்ட பிறகே பதில் சொல்ல வேண்டும்!